எங்கே என்று கேட்காத வீடு

பாப்பா,

டெல்லிக்குக் கிளம்பும் அவசரத்தில் என் போனைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, "எல்லாம் ஏத்தி வச்சிட்டேன்ப்பா. கடைசியா ஒரு பட்டன் இருக்கு. அதை நீங்கதான் அமுக்கணும், நான் அமுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்தப் பட்டன் இன்னும் அப்படியே இருக்கிறது. போனைத் திறந்தால் முதலில் அதுதான் வந்து நிற்கிறது. நீங்கள் இருக்கும் இடத்தை உங்கள் மகள் எப்போதும் பார்க்கலாமா என்று கேட்கிறது. கீழே அனுமதி, மறுப்பு என்று இரண்டு கட்டம். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காபி போடப் போய்விடுகிறேன்.

தினமும் நீ கூப்பிடுகிறாய். பட்டனைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்காமல் இருக்க நீ படும் பாடு எனக்கு இங்கே வரைக்கும் தெரிகிறது. "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வெளிய ஏதாவது..." என்று ஆரம்பித்து, வாயைக் கட்டிக்கொண்டு வானிலையைப் பற்றிப் பேசுகிறாய். டெல்லியில் குளிர் என்று எத்தனை தடவைதான் சொல்வாய்? உனக்குப் பதில் சொல்ல வேண்டும். பேசினால் சொல்ல வந்தது பாதியில் நழுவிவிடுகிறது. எழுதினால் மேலே என்ன எழுதினேன் என்று திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

போனில் இருக்கும் இருப்பிடத் தகவலுக்குத் தனியாக ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்டு உங்கள் வக்கீல் கூட்டம் போடுகிற புத்தகத்தில் என் கதையையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். சேர்த்துக்கொள். பெயர் மட்டும் வேண்டாம். என் வியாதி நான் சொல்வதற்கு முன்னாலேயே யார் யாருக்கோ தெரிந்துவிட்டது. இனிமேல் நாலு பேர் படித்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

நீ சட்டக் கல்லூரியில் சேரப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? எனக்கே இருக்கிறது, உனக்கு இல்லாமலா போகும். புடவை உடுத்திக்கொண்டு, கையில் பைலோடு படி இறங்கினாய். கீழ் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துக்கொண்டே, "என்னம்மா, எங்க கிளம்பிட்ட?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். மாடியிலிருந்து உன் அம்மா, "ஏய், மேல வா" என்று கத்தினாள். உன்னை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, மறுபடி புதிதாகக் கிளம்ப வைத்தாள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தாய். அதற்குள் பஸ் போய்விட்டது. நான் ஸ்கூட்டரை எடுத்தேன். நாம் தெருமுனைக்குப் போவதற்குள் அவள் வாசலுக்கு வந்து, "தூரமா?" என்றாள். உனக்கு வந்ததே கோபம்! "நான் எங்க போறேன்னு உனக்கே தெரியும்லம்மா?" அவள் அசையவில்லை. "தெரிஞ்சா என்ன? கேக்கக் கூடாது."

கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெடும் என்பது சகுனம் பார்க்கிறவர்கள் சொல்கிற காரணம். அந்தக் காரணத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தக் கேள்வி எனக்கு எப்போதும் பிடித்திருந்தது. தூரமா என்றால் வர நேரமாகுமா, சோறு எடுத்து வைக்கவா, கதவைத் தாழ் போடாமல் இருக்கவா என்று அர்த்தம். வீட்டில் இருப்பவருக்கு எவ்வளவு தெரிந்தால் போதுமோ அவ்வளவுதான் கேள்வி. எந்த ஊர், யார் வீடு, எதற்கு என்பதெல்லாம் போகிறவருடைய சமாச்சாரம். தேவைக்கு மேல் தகவல் கேட்கக் கூடாது என்று நீ அந்தச் சட்ட வரைவில் ஒரு பிரிவை அடித்து அடித்துத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தாய். உன் அம்மா அதை வாசலில் நின்று ஒரே சொல்லில் முடித்திருந்தாள். அவள் போனபிறகு இந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. போன்தான் கேட்கிறது, அதுவும் எங்கே எங்கே என்று.

நான் தி.நகர் ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் நின்றே ஆயுளைக் கழித்தவன் என்பது இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. கடையில் சேர்ந்ததும் முதலாளி எனக்கு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வார்த்தையை அளந்து பேசுவார். "ஏலே, இல்லைங்கிற வார்த்தை நம்ம கடையில கெடையாது. கேட்ட கலர் இல்லைன்னா வேற காட்டு. இன்னொண்ணு, ஏற்கெனவே வந்தவங்களைப் பாத்தாலும் புதுசாப் பாக்க மாதிரிதான் பாக்கணும்." முதலாவதற்குக் காரணம் சொல்லவே வேண்டாம். இரண்டாவது எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பிறகு ஒரு நாள் புரிந்தது. கல்யாணப் பெண் ஒருத்தி தன் அம்மாவோடு வந்து விலையெல்லாம் விசாரித்து, ஒரு மயில்கழுத்துச் சேலையை ஆசை ஆசையாகத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டாரோடு வந்தாள். எங்கள் பிரிவுக்கு மாற்றலாகி வந்திருந்த ஒருவர், "வாங்கம்மா, போன வாரம் பாத்த அதே சேலைதானே?" என்று வாய் நிறையச் சிரித்துக்கொண்டு எடுத்துப் போட்டார். மாமியார் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பெண் மயில்கழுத்தைத் தள்ளிவிட்டு, மாமியார் காட்டிய சேலையை வாங்கிக்கொண்டு போனாள். ஒருத்தி எங்கே வந்தாள், யாரோடு வந்தாள் என்று சும்மா சொல்வதே அவள் காரியத்தைக் கெடுத்துவிடும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்த எல்லாருமே எனக்குப் புதியவர்கள்தான். ஞாபகம் வைத்துக்கொண்டு மறந்தமாதிரி நடிப்பதில் நான் பெரிய ஆள். இப்போது நடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது, அது என் ராசி.

இல்லை என்று சொல்லாத வாய் எனக்கு எங்கே வினையாக வந்தது என்று உனக்குத் தெரியும். நீ எனக்கு இந்தப் போனை வாங்கிக் கொடுத்தபோது அது ஒவ்வொன்றாக அனுமதி கேட்டது. கேட்கிறவருக்கு இல்லை என்று சொல்வதாவது! டார்ச் வெளிச்சம் கேட்டதா, எடுத்துக்கொள். செய்தி படிக்கிறது கேட்டதா, எடுத்துக்கொள். ராகு காலம் பார்க்கிற நாள்காட்டி நான் நிற்கிற இடத்தைக் கேட்டது. நீ பின்னால் அதைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாய். "ராகு காலத்துக்கு எதுக்குப்பா உங்க லொக்கேஷன்?" சூரியன் உதிக்கிற நேரம் ஊருக்கு ஊர் மாறுமாம், அதில் அப்படித்தான் போட்டிருந்தது. மயிலாப்பூருக்கும் பாண்டி பஜாருக்கும் நடுவில் சூரியன் எவ்வளவு மாறிவிடும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

அடையாறுக்கு நான் போக ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்கிவிட்டு, கடைக்காரம்மாவிடமே பையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். அது எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் வீட்டுக்கு வந்து சட்டியை அடுப்பில் வைத்து, எண்ணெய் ஊற்றி, என்ன சமைக்கப் போகிறேன் என்று தெரியாமல் நின்றேன். மறுநாளே ஞாபக மறதிக்குப் பார்க்கிற ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். அங்கே ஒரு டாக்டர் அம்மா, தோன்றுகிற நிறங்களையெல்லாம் சொல்லுங்கள் என்றார். கேட்கவா வேண்டும்? மாம்பழ மஞ்சள், அரக்கு, மயில்கழுத்து, வெங்காயத்தோல், ராமர் பச்சை, கத்தரிப்பூ என்று நான் சொல்லச் சொல்ல அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அவசரப்படுத்தவே இல்லை.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். தீபாவளி முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு உன் வழக்கு முடியட்டும் என்று நினைத்தேன். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்ப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. நீ எடுத்தாய். நான் துண்டோடு வெளியே வந்தபோது உன் முகம் வெளிறிப்போயிருந்தது. ஸ்பீக்கரில் ஒரு பெண் ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தாள். "ஞாபக மறதி இருக்கற பெரியவங்களுக்காகவே எங்க இல்லத்துல தனி வார்டு இருக்கு மேடம். சார் அடையாறுக்கு ட்ரீட்மென்ட்டுக்கு வந்துட்டிருக்காங்க இல்ல, அதே ஏரியாதான், உங்களுக்கும் வசதி." நீ போனை வைத்துவிட்டு, "அப்பா, யாரைப் பாக்கப் போய்ட்டிருக்கீங்க?" என்றாய். எங்கே என்று கேட்கவில்லை. அந்த நிலைமையிலும் நீ உன் அம்மாவின் பெண்தான்.

எனக்கு அவமானமாக இருந்தது பாப்பா. வியாதிக்காக இல்லை. என் மகளிடம் நான் சொல்ல வேண்டிய செய்தியை, முன்பின் தெரியாத ஒருத்தி சம்பளத்துக்குச் சொல்லிவிட்டுப் போனாள். நான் மனசுக்குள் சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் வீணாகிவிட்டது. யார் சொன்னது என்று உன்னைக் கேட்டேன். டாக்டர் அம்மா சொல்லியிருக்க மாட்டார். அவர் என் பெயரையே பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்காமல்தான் கூப்பிடுவார். நீ என் போனை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாய். "யாரும் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேணாம்ப்பா. நீங்க அந்தக் கட்டடத்துல திரும்பத் திரும்பப் போய் உக்காந்தது ஏதோ ஒரு ஆப்புக்குத் தெரிஞ்சிருக்கும். அது ஒருத்தனுக்கு வித்திருக்கும், அவன் இன்னொருத்தனுக்கு. எதுன்னு என்னால நிரூபிக்க முடியாது. யாருன்னு தெரிஞ்சாத்தானே கேஸ் போட முடியும்?" வக்கீலே அப்படிச் சொன்னால் ஜவுளிக்கடைக்காரன் என்ன செய்வான்?

அடையாறில் நீ பேசிய கூட்டத்துக்கு அதனால்தான் வந்தேன். தனியுரிமை பற்றிய கூட்டம். வாசலில் ஒரு அட்டை வைத்து, உள்ளே வருகிறவர்கள் அதைப் போனில் படம் பிடித்துப் பெயரும் நம்பரும் பதிய வேண்டும் என்றார்கள். நான் வழக்கம்போலச் சரி என்று பதிந்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். நாற்காலிகளில் பாதி காலி. நீ நன்றாகப் பேசினாய். எதற்கு எடுத்தார்களோ அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், விற்கக் கூடாது, அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும், கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெற வழி வேண்டும். பின் வரிசையில் ஒருவர் எழுந்து, "தப்பு பண்ணாதவனுக்கு இதுல என்னங்க பயம்?" என்று கேட்டார். கை தட்டினார்கள். நீ கோர்ட்டு, தீர்ப்பு என்று ஏதேதோ விளக்கினாய். எனக்கு எழுந்து சொல்ல வேண்டும்போல இருந்தது. தப்பு பண்ணாதவனுக்கும் வியாதி வரும் ஐயா. வியாதி வந்தவன் தன் வீட்டில் தானே சொல்லிக்கொள்ள ஆசைப்படுவான். நான் எழுந்திருக்கவில்லை. நடுவில் வார்த்தை மறந்து நின்றுவிட்டால் உனக்குத்தான் சங்கடம்.

கடைசியில் ஒருவர் இந்தச் சட்டம் எப்போது வரும் என்று கேட்டார். நீ, "வரணும் சார், வரும்னு நம்பறோம்" என்றாய். அந்தக் குரல் எனக்குத் தெரியும். அந்தக் கலர் அடுத்த வாரம் வந்துவிடும் என்று நான் எத்தனையோ பேரிடம் அதே குரலில் சொல்லியிருக்கிறேன். நெசவே நின்றுபோன சேலைக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன். உன்னை நோகடிக்க எழுதவில்லை. வரைவு போடுவார்கள், கருத்துக் கேட்பார்கள், குழுவுக்கு அனுப்புவார்கள், திரும்பி வரும்போது அதில் விதிவிலக்குதான் அதிகமாக இருக்கும். அரசாங்கத்துக்கு ஒரு விலக்கு, பெரிய கம்பெனிக்கு ஒரு விலக்கு. மிச்சம் இருப்பவன், நீங்கள்தானே அனுமதி என்று அமுக்கினீர்கள் என்பான். அவன் சொல்வதும் பொய் இல்லை. நான் அமுக்கத்தான் செய்தேன். வெளியே போன தகவல் திரும்பி வரப் போவதில்லை. என் ஆயுசுக்குள், அதைவிடக் கிட்டத்தில் இருக்கிற என் ஞாபகத்துக்குள், எதுவும் வராது.

இனி எழுதப் போவது உனக்குத் தெரியாது. நீ டெல்லிக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நான் பழைய கடைக்காரர்களைப் பார்க்கத் தி.நகர் போனேன். பேசிவிட்டு, பனகல் பார்க் வரைக்கும் நடந்து வந்தேன். சுவர் ஓரமாக நின்றேன். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. வழி மறந்துவிட்டது என்று நினைக்காதே, வழி மறந்தால் யாரையாவது கேட்கலாம். வீடு எது என்று தெரியவில்லை. நாம் குடியிருந்த வீடுகளெல்லாம் ஒன்றாக மனசில் வந்தன. எல்லாவற்றின் வாசலிலும் உன் அம்மா நின்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பயம் என்றால் அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததே கிடையாது.

ஓர் ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டினார். "இன்னா நைனா, ரொம்ப நேரமா நின்னுக்கினே கீறியே, எங்க போவணும்?"

நான், "போலாம்ப்பா" என்றேன்.

"அதான் எங்க போலாம்?"

எங்கே என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். தெரியவில்லை என்று சொல்ல என் வாய்க்குப் பழக்கமில்லை. நான் சிரித்துக்கொண்டே நின்றேன், சேலையை விரித்துக் காட்டுகிறமாதிரி கையை விரித்துக்கொண்டு. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "போன் வச்சுக்கிறியா? குடு." வாங்கித் தடவினார். "தோ பாரு, வூடுன்னு போட்டு வச்சிக்கீது. மைலாப்பூரு. ஏறு நைனா, ஒண்ணியும் இல்ல, ஏறு." நீ எப்போதோ போட்டு வைத்தது. வழியெல்லாம் அதற்குள் ஒரு பெண் குரல் இடது பக்கம், வலது பக்கம் என்று சொல்லிக்கொண்டே வந்தது. நான் அந்தக் குரலையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம் வீட்டு வாசலைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீ கோர்ட்டிலிருந்து வருவதற்குள் முகம் கழுவிக்கொண்டேன்.

என்னை விற்றதும் இந்தப் போன்தான், வீட்டில் கொண்டுவந்து விட்டதும் இதுதான். திட்டவும் முடியவில்லை, தூக்கி எறியவும் முடியவில்லை. உன்னால் முடிந்தால் இதற்கு ஒரு சட்டம் எழுது.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் உன்னை ஒன்று கேட்டேன். ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்கிறாயே, கொடுத்ததே மறந்துபோனவன் எப்படித் திரும்பப் பெறுவான்? நீ, "அதுக்கும் ஒரு பிரிவு போடணும்ப்பா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை அடுக்க ஆரம்பித்தாய். மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்தாய். அந்தப் பிரிவை யாராலும் எழுத முடியாது என்று நம் இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது. ஒரு நாள் வரும். அன்றைக்கு என் கையில் இருப்பது எதற்கு என்றே எனக்குத் தெரியாது. நீ எங்கிருந்தோ என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாய், நான் பார்க்கப்படுகிறேன் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்காது. நல்லதாக நாலு வார்த்தை எழுதி முடிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை.

மேலே அந்தப் பத்தியை எழுதி முடித்ததும் எழுந்து போய் அனுமதி என்ற கட்டத்தை அமுக்கிவிட்டு வந்தேன். ஆயுள் முழுக்கக் கேட்டவர்களுக்கெல்லாம் சரி சரி என்று சொன்னவன், யோசித்துச் சொன்ன சரி இது ஒன்றுதான். இந்நேரம் உன் போனில் மயிலாப்பூரில் ஒரு புள்ளியாக இருப்பேன். பதிலுக்கு நான் கேட்பது ஒன்றே ஒன்று.

என்றைக்காவது அந்தப் புள்ளி போகாத பக்கம் போகும். கடற்கரைப் பக்கம் போகும், அல்லது எப்போதோ காலி செய்துவிட்டு வந்த வீட்டுத் தெருவில் போய் நிற்கும். உனக்குப் பதறும். உடனே கூப்பிடு. ஆனால் எங்கே இருக்கீங்க என்று கேட்காதே. அது உனக்குத் தெரியும், எனக்குத்தான் தெரிந்திருக்காது. தூரமாப்பா என்று கேள். அதற்குப் பதில் சொல்ல இடம் தெரிய வேண்டியதில்லை. யார் கேட்கிறார்கள் என்பதுகூடத் தெரிய வேண்டியதில்லை. ஆமாம்மா, கொஞ்சம் தூரம்தான் என்று சொல்லிவிடுவேன்.

அப்பா